கூன் போடாதே! - எங்கள் சித்தூர் சீமையின் முதுகுக் கதை

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். பாதியில் ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வந்து படியுங்கள். ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் புரியும் :-)

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் ஊருக்கு வீடியோ கால். இங்கே மிச்சிகனில் வெளியே முழங்கால் அளவு பனி. என் மகள் சோபாவில் சுருண்டு உட்கார்ந்து டேப்லெட்டில் முகத்தைப் புதைத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் இருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஏ கண்ணு, கூன் போடாத, நிமுந்து குந்து!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே வாக்கியத்தை என் ஆயா அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னிடம் சொன்னார். நான் மகளிடம் ஆங்கிலத்தில் தினமும் நாலு தடவை சொல்கிறேன். யாரும் யார் பேச்சையும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் முதுகைப் பற்றிய விஷயத்தில் நான் ஒரு பெரிய தப்பு செய்திருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊரின் கதையையும் சொல்லியாக வேண்டும்.

மூன்று தலைமுறை, ஒரே வலி

எங்கள் ஊர் நகரி பக்கம். பழைய சித்தூர் மாவட்டம். 1911-ல் வட ஆற்காட்டிலும் கடப்பையிலும் இருந்து வெட்டி ஒட்டி உருவாக்கிய மாவட்டம் அது. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே தங்கின. அதனால் எங்கள் வீட்டில் பாதி வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். இடுப்பு வலிக்கு எங்கள் வீட்டில் "நடும் நொப்பி" என்றுதான் பெயர்.

நகரி, நாராயணவனம், புத்தூர் எல்லாம் நெசவு ஊர்கள். தாத்தாவுக்குக் குழித்தறி. வீட்டுத் தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு, தரை மட்டத்தில் உட்கார்ந்து நெய்ய வேண்டும். கால் மிதிகட்டையில், கை நாடாவில், கண் பாவில். இழை அறுந்தால் முன்னால் குனிந்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை குனிந்திருப்பாரோ, கணக்கே இல்லை. சாயங்காலம் குப்புறப் படுத்துக்கொண்டு, "டேய், வந்து ஏறி மிதிடா" என்பார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் நடப்பேன். எங்கள் தெருவில் பேரப்பிள்ளைகளின் முதல் உத்தியோகம் அதுதான்.

நைனா காலத்தில் பவர்லூம் வந்தது. அதில் உட்கார வழியில்லை. இரண்டு தறிக்கு நடுவில் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்க வேண்டும். அவருக்கும் இடுப்பு வலி.

நான் எஞ்சினியர். நல்ல நாற்காலி, நல்ல மேஜை, கை வைக்க மெத்தை. எனக்கும் வலி! 2021 குளிர்காலத்தில், வீட்டிலிருந்தே வேலை பார்த்த அந்த ஒரு வருஷத்தில், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து நாளுக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் இரண்டு விரல் மரத்துப்போய் காபி கோப்பை நழுவியது.

தரையில் உட்கார்ந்தவருக்கும் வலி, நின்றவருக்கும் வலி, நாற்காலிக்காரனுக்கும் வலி. அப்படியென்றால் தப்பு எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய விஷயங்களைத் தேட வைத்தது.

புத்தூர் கட்டு

எங்கள் பக்கத்தில் எலும்பு என்றால் புத்தூர். தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் "புத்தூர் எலும்பு முறிவு வைத்தியசாலை" என்று ஒரு போர்டு பார்த்திருப்பீர்கள். அதற்கெல்லாம் மூலம் எங்கள் புத்தூருக்கு அருகில் உள்ள ராச்சபாளையத்து ராஜு குடும்பம். 1880-களில் கேசவ ராஜு என்பவர் தொடங்கியதாகச் சொல்வார்கள். வேட்டையாடிய விலங்கை ஏதோ இலையில் சுற்றி வைத்தாராம், பிறகு பார்த்தால் அதன் உடைந்த எலும்பு ஒட்டியிருந்ததாம். இது ஊரில் சொல்லும் கதை, கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி என்று கட்டுப் போடுவார்கள்.

இலைச் சாற்றின் மகிமையைப் பற்றி நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்தப் பத்தையும் துணியும் செய்யும் வேலை புரிகிற விஷயம். எலும்பு சரியாகச் சேர்ந்திருந்து, அசையாமல் இருந்தால், உடம்பே அதை ஒட்டிவிடும். ஆஸ்பத்திரி மாவுக்கட்டின் தத்துவமும் அதுவேதான். (எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலோ, மூட்டுக்குள் உடைந்திருந்தாலோ, விரல் நீலமாக மாறினாலோ நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.)

இதிலிருந்து எங்கள் ஊர் மனசில் ஒரு பாடம் ஆழமாகப் பதிந்துவிட்டது. வலிக்கிறதா? ஆடாதே, அசையாதே, கட்டிப் போடு, படு. உடைந்த எலும்புக்கு அது சரியான பாடம். பிரச்சினை என்னவென்றால், உடையாத முதுகுக்கும் அதையே சொன்னோம்.

ஆரோக்கியவரத்துக் கட்டில்கள்

"படு" என்று சொன்னது கிராமத்து வைத்தியம் மட்டும் இல்லை. அந்தக் காலத்து ஆங்கில மருத்துவமும் அதையேதான் சொன்னது.

மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் இருக்கிறது. (2022 வரை மதனப்பள்ளி சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது.) கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரம், உலர்ந்த காற்று. பல கிறிஸ்தவ மிஷன்கள் சேர்ந்து 1915-ல் அங்கே ஒரு காசநோய் சானடோரியம் திறந்தன. முதல் தலைமை மருத்துவர் டென்மார்க்கிலிருந்து வந்த கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோலர். அப்போது டிபிக்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. இந்த மூன்றும்தான் சிகிச்சை. மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும்.

டிபி நுரையீரலோடு நிற்பதில்லை, முதுகெலும்பையும் அரிக்கும். 1779-லேயே லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் அதை எழுதிவைத்தார். அதனால் இன்றும் அதற்கு "பாட்ஸ் நோய்" என்று பெயர். முதுகெலும்பு நொறுங்கி முன்னால் மடியும், கூன் விழும். சின்ன வயதில் கூன் விழுந்த பலரை "ஒழுங்காக உட்காராததால் வந்தது" என்று ஊர் பேசியிருக்கும். ஆனால் அவர்களில் எத்தனையோ பேருக்கு அது கிருமி செய்த வேலை.

இதே டிபி பயம்தான் அமெரிக்காவில் "நிமிர்ந்து நில்" இயக்கத்துக்கும் எண்ணெய் ஊற்றியது. கூனினால் நெஞ்சு சுருங்கும், நெஞ்சு சுருங்கினால் நுரையீரலில் நோய் வரும் என்று நம்பினார்கள். 1914-ல் அமெரிக்கன் பாஸ்ச்சர் லீக் என்று ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். ஹார்வர்டில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களைச் சோதித்த ஒரு டாக்டர், ஐந்தில் நான்கு பேருக்கு நிற்கவே தெரியவில்லை என்று அறிக்கை கொடுத்தார். அதற்குப் பிறகு பல பெரிய கல்லூரிகளில் புது மாணவ மாணவியரை நிர்வாணமாக நிற்கவைத்து "பாஸ்ச்சர் போட்டோ" எடுத்தார்கள். இந்தக் கூத்து 1960-கள் வரை நடந்தது. 1995-ல் பத்திரிகையில் அம்பலமானபோது நாடே அதிர்ந்தது. நம் பிள்ளைகள் விண்ணப்பம் போடக் கனவு காணும் அதே கல்லூரிகள்தான்!

வேடிக்கையைக் கவனியுங்கள். ஐந்தில் நான்கு பேர் "கோணல்" என்றால், கோணலானது மாணவர்களா, அளந்த அளவுகோலா?

சேத்துப்பட்டில் கவிழ்ந்த கட்டில்

இனி வருவது நாம் பெருமைப்பட வேண்டிய பகுதி. 1950-களில் டிபிக்கு மருந்து வந்துவிட்டது. ஆனால் இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், சானடோரியம் கட்டில்களோ மிகச் சொற்பம். கட்டில் இல்லாதவன் சாக வேண்டியதுதானா? 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் தலைமை.

193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம்: கட்டில், நல்ல உணவு, முழு ஓய்வு. இன்னொரு பாதி சென்னையின் நெரிசலான வீட்டிலேயே இருந்து அதே மருந்தைச் சாப்பிட்டது. சுமாரான சாப்பாடு, வீட்டு வேலை, கூலி வேலை எல்லாம் அப்படியே தொடர்ந்தன. 1959-ல் முடிவு வெளியானது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குக் குணம். வேலை செய்தது மருந்து, கட்டில் இல்லை! உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு நம் மெட்ராஸ் ஏழைகளும் ஒரு காரணம்.

முதுகெலும்பு டிபிக்கும் இதே கதைதான். கொரியாவில் மசான் என்ற ஊரில் ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தவர்களையும் முதல் நாளிலிருந்தே நடமாடியவர்களையும் ஒப்பிட்டார்கள். பூசானில் மார்பைச் சுற்றி மாவுக்கட்டு போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டார்கள். 1973-ல் வந்த அறிக்கைகள் சொன்னது: மருந்து சரியாகச் சாப்பிட்டால் படுக்கையாலும் கட்டாலும் கூடுதல் பலன் இல்லை. பிறகு சென்னையிலும் நடமாடும் நோயாளிகளுக்கு மருந்து மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், பெரும்பாலானவர்களுக்கு நல்ல குணம் தெரிந்தது.

அரித்துப்போன முதுகெலும்புக்கே படுக்கை தேவையில்லை என்றால், சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு? அதையும் சோதித்தார்கள். 1986-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், ஏழு நாள் படுக்கச் சொன்னவர்களைவிட இரண்டு நாள் மட்டும் படுக்கச் சொன்னவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். 1995-ல் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், படுத்தவர்களையும் தனிப் பயிற்சி செய்தவர்களையும்விட, முடிந்தவரை தினசரி வேலையைத் தொடர்ந்தவர்கள் வேகமாகத் தேறினார்கள்.

நான் செய்த தப்பு

இந்த ஆய்வுகள் எல்லாம் 1995-க்குள் வந்தவை. 2016-ல் எனக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது.

அந்த வருஷம் நைனாவுக்கு 68 வயது. ஒருநாள் தண்ணீர் குடத்தைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் காட்டினோம். எலும்பில் முறிவு இல்லை, நரம்பில் பெரிய அழுத்தம் இல்லை. நான் பத்தாயிரம் மைலுக்கு அப்பால். என்னால் என்ன செய்ய முடியும்? பணம் அனுப்பினேன், போன் பண்ணினேன். தினமும் போனில் ஒரே பாட்டு: "நைனா, எழுந்திரிக்காத. படுத்தே இரு. குனியாத. எது வேணும்னாலும் அம்மாவைக் கேளு." விலையுயர்ந்த மெத்தை வாங்கிக் கொடுத்தேன். இடுப்பு பெல்ட் வாங்கினேன். அக்கம்பக்கத்தில், "பையன் அமெரிக்காவுலருந்து எப்படி கவனிச்சுக்கிறான் பாரு" என்று பெருமை.

அவரும் மகன் சொல்லைத் தட்டாமல் மூன்று மாதம் படுத்தார்.

மூன்று மாதம் கழித்து எழுந்தபோது கால் தாங்கவில்லை. தொடை சூம்பியிருந்தது. பாத்ரூம் போகும்போது விழுந்தார். நல்ல வேளை, எலும்பு உடையவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பையன் அம்மாவிடம் கேட்டானாம்: "யாரும்மா இவரை இத்தனை நாள் படுக்கச் சொன்னது?" அம்மா என் பெயரைச் சொல்லவில்லை. பேச்சை மாற்றிவிட்டாராம். இதை அம்மா எனக்குச் சொன்னது இரண்டு வருஷம் கழித்து.

தூரத்தில் இருக்கும் நமக்கு ஒரு வியாதி உண்டு நண்பர்களே. அன்பைக் காட்ட வேறு வழி இல்லாததால், "ஓய்வு எடுங்கள், ஒரு வேலையும் செய்யாதீர்கள்" என்று சொல்லிச் சொல்லியே பெற்றவர்களைக் கட்டிலில் போட்டுவிடுகிறோம். வேலைக்கு ஆள் வைக்கிறோம், தண்ணீர் எடுக்க மோட்டார் போடுகிறோம், கடைக்குப் போகவேண்டாம் என்கிறோம். அவர்கள் உடம்பில் மிச்சம் இருந்த பலம் எல்லாம் அந்தச் சின்னச் சின்ன வேலைகளில்தான் இருந்தது என்பது நமக்குத் தெரிவதில்லை.

எழுபது வயது மாணவர்

மறுபடியும் மதனப்பள்ளி. 1895-ல் அங்கே பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவர் பெயர் சொல்லும் ரிஷி வேலி பள்ளி மதனப்பள்ளிக்கு அருகில் 1931-லிருந்து நடக்கிறது. அங்கே பிள்ளைகள் மாலையில் ஒன்றாக அமர்ந்து பேசாமல் சூரியன் மறைவதைப் பார்ப்பது வழக்கம், "அஸ்தாசல்" என்பார்கள். அவருடைய தத்துவத்துக்குள் நான் போகவில்லை, எனக்கு அவ்வளவு ஞானம் இல்லை. எனக்குப் பிடித்த விஷயம் வேறு.

அவர் பி.கே.எஸ். ஐயங்காரிடம் யோகா கற்றவர். பிறகு 1965-ல், எழுபது வயதில், சென்னையில் புதிதாக ஒரு ஆசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார். அந்த ஆசிரியர் டி.கே.வி. தேசிகாச்சாருக்கு அப்போது வயது 27! படித்தது எஞ்சினியரிங். (நம்ம ஆளு!) திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் மகன். கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனையில் பல வருஷம் கற்பித்துவிட்டு சென்னைக்கு வந்து குடியேறியவர், 1989-ல் நூறு வயதில் காலமானார். தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் தொடங்கினார். உடம்புக்கு ஏற்ப ஆசனமே ஒழிய ஆசனத்துக்கு ஏற்ப உடம்பு இல்லை என்பது அவர்கள் வழியின் சாரம். ஐயங்காரும் சின்ன வயதில் மலேரியா, டைபாய்டு, டிபி என்று நோஞ்சானாக இருந்து மீண்டவர். வளையாத உடம்புக்காரர்களும் செய்யட்டும் என்று கயிறு, நாற்காலி, கட்டை எல்லாவற்றையும் ஆசனத்துக்குள் கொண்டுவந்தார்.

எழுபது வயதில் ஒருவர் உடம்பைப் புதிதாகப் பழக்க முடியும் என்றால், நாற்பதுகளில் இருக்கும் நாம் "இனிமே என்னங்க" என்று சொல்வது நியாயமா?

இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் பக்கத்து வீடு மாதிரி. அங்கே சி.எம்.சி.யில் இளம் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென்றே ஒரு துறையை வளர்த்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறந்தது. "எது போச்சு" என்பதைவிட "எது மிச்சம் இருக்கு, அதை எப்படி அசைக்கலாம்" என்று பார்க்கிற மருத்துவம் அது.

மலைப்படியும் லண்டன் பஸ்ஸும்

திருப்பதிக்கு வருவோம். 1944 வரை திருமலைக்கு வண்டிப் பாதையே கிடையாது. ஏழையோ பணக்காரனோ, படியேறித்தான் போக வேண்டும், முடியாதவர்களுக்கு டோலி. அலிபிரியிலிருந்து சுமார் 3,550 படி. ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படி. அலிபிரி வழியில் ஒரு செங்குத்தான இடத்துக்குத் தமிழில் "முழங்கால் முறிச்சான்" என்று பெயர். ராமானுஜர் மலையைக் காலால் மிதிக்கக் கூசி முழங்காலால் ஏறினார் என்பது அதைப் பற்றிய ஐதீகம். 1944-ல் மலைப்பாதை ரோடு திறந்தது. அன்றிலிருந்து ஏறுகிறவர்கள் பலர் உட்காருகிறவர்களாக மாறினார்கள்.

இதற்கும் லண்டனுக்கும் ஒரு சம்பந்தம். 1953-ல் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். ஒரே பஸ், ஒரே சம்பள வர்க்கம். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் மாடி பஸ்ஸின் படிகளை நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்குவார். மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம். மனுஷன் நேர்மையானவர். 1956-ல் யூனிஃபார்ம் அளவுகளைப் பார்த்து, டிரைவர்களின் இடுப்புச் சுற்றளவு ஆரம்பத்திலிருந்தே பெரிசு என்று அவரே எழுதினார். ஆனாலும் உட்கார்ந்தே இருப்பதன் ஆபத்தைப் பற்றிய நவீன ஆராய்ச்சிகளுக்கெல்லாம் தாத்தா அந்த பஸ்தான்.

அப்போ என்னதான் செய்யணும்?

கூன் போடுவது ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. தலையின் எடை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்து போன் பார்த்தால் கழுத்தில் விழும் பாரம் சுமார் 27 கிலோ என்று 2014-ல் ஒரு கணக்கு வந்து பிரபலமானது. அது கம்ப்யூட்டர் மாதிரிக் கணக்கு, ஆட்களை வைத்துப் பார்த்த ஆய்வு இல்லை. குனிகிறவர்கள் எல்லோருக்கும் வலி வருவதும் இல்லை. இன்று நிபுணர்கள் பலர் சொல்வது, "எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சரியான நிலை" என்று ஒன்று கிடையாது. எந்த நிலையானாலும் மணிக்கணக்கில் மாறாமல் இருந்தால் தசைகள் களைத்து வலிக்கும். தாத்தா, நைனா, நான், மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது இந்த மாறாமைதான்.

எனக்குப் பலன் கொடுத்தவை இவை:

1. அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருக்கிறேன். தண்ணீர் பாட்டிலை வேண்டுமென்றே சமையலறையில் வைத்திருக்கிறேன். போன் வந்தால் நடந்துகொண்டே பேசுகிறேன்.

2. லேப்டாப்பைப் புத்தகங்களின் மேல் உயர்த்தி, தனி கீபோர்டு போட்டேன். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், முழங்கை உடம்போடு ஒட்டி, பாதம் தரையில். செலவு முப்பது டாலர்கூட ஆகவில்லை.

3. முகவாயை மெதுவாகப் பின்னால் இழுத்து ஐந்து எண்ணி விடுவது, பத்து தடவை. கதவு நிலையில் இரண்டு முன்கையையும் வைத்து நெஞ்சை முன்னால் நீட்டுவது. குப்புறப் படுத்துக் கையூன்றி நெஞ்சை மட்டும் தூக்குவது, நம் புஜங்காசனம்தான். வலி கூடினால் நிறுத்திவிட வேண்டும்.

4. வாரத்தில் 150 நிமிடமாவது வேகநடை, இரண்டு நாள் தசைக்குப் பலம் கொடுக்கும் பயிற்சி. இது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. பனிக்காலத்தில் நான் மாலுக்குள் நடக்கிறேன்.

5. ராத்திரிச் சாப்பாடு தரையில். உட்கார்ந்து எழுவதே ஒரு பயிற்சி. மகளுக்கு அது பிக்னிக் மாதிரி.

எனக்கு விரல் மரத்தது சில வாரங்களில் சரியானது. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று இல்லை, அதனால் டாக்டரையும் பார்த்தேன். சில அறிகுறிகளைத் தள்ளிப்போடவே கூடாது. காலோ கையோ பலம் இழப்பது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது வராமல் அடைப்பது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, இவை வந்தால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வலி இவற்றோடு முதுகுவலி இருந்தால் அலட்சியம் வேண்டாம். முதுகெலும்பு டிபி நம் ஊரை விட்டு இன்னும் போகவில்லை. வளரும் பிள்ளைக்கு ஒரு தோள் மட்டும் உயர்ந்து முதுகு பக்கவாட்டில் வளைந்தால் அது உட்காரும் பழக்கத்தால் வருவதில்லை, திட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. என் ஆயா கடைசிக் காலத்தில் கூனிப் போனார். "சின்ன வயசுல நிமுந்து குந்தல, அதான்" என்று தன்னையே நொந்துகொள்வார். வயதான பெண்களுக்கு எலும்பு தேய்ந்து முதுகெலும்புகள் சத்தமில்லாமல் நசுங்குவதால் வரும் கூன் அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவர் தப்பு இல்லை. அதை அவரிடம் சொல்ல இப்போது அவர் இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் உயரம் குறைகிறார் என்றால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

நைனா இப்போது கைத்தடியோடு தினமும் டீக்கடை வரை நடந்துவிட்டு வருகிறார். போக வர ஒரு மணி நேரம். அதில் முக்கால் மணி அரசியல். முன்பு வருஷம் ஒருமுறை அலிபிரியில் படியேறியவர், இனி ஏற முடியாது. போன முறை ஊருக்குப் போனபோது நானும் மகளும் ஏறினோம். அவர் பஸ்ஸில் வந்து மேலே எங்களுக்காகக் காத்திருந்தார். வியர்த்து விறுவிறுத்து வந்த பேத்தியைப் பார்த்து, "எத்தனை படி எண்ணினே?" என்று மட்டும் கேட்டார். அவள் ஐநூறோடு எண்ணிக்கையை விட்டுவிட்டாளாம். "அடுத்த தடவை முழுசா எண்ணிட்டு வந்து சொல்லு" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில், "ரெஸ்ட் எடு நைனா" என்று நான் சொல்வதில்லை. "இன்னிக்கு எவ்வளவு தூரம் நடந்தே?" என்று கேட்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் மெக்கானிக்கல் எஞ்சினியர். உங்கள் முதுகு, உங்கள் டாக்டர். இவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்து படித்திருந்தால், முதலில் எழுந்திருங்கள்!